பீலித் தண்ணீர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடிக்கு நீர்வெட்டு என்று அறிவிப்பு வந்துவிட்டால், முதல்நாள் இரவே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். வாளி, குடம், சட்டி, காலியான பால்மாத் தகரம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் நிரப்பி, மூடி, சுவரோரமாக அடுக்கிவிட்டுத்தான் படுப்பார். விளக்கை அணைத்த பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு வாக்கியம் வரும்: "எங்கள் பீலி ஒருநாளும் நின்றதில்லை." அரை நூற்றாண்டாக இந்த நகரத்தில் வாழ்கிறார். அந்த வாக்கியம் இல்லாமல் கழிந்த நீர்வெட்டு ஒன்று என் நினைவில் இல்லை.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களுக்குப் பீலியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலைச்சரிவில் ஊற்றுக்கண் திறந்திருக்கும் இடத்தில் கல் அடுக்கி நீரைத் தேக்குவார்கள். மூங்கிலையோ கமுகையோ இரண்டாகப் பிளந்து உள்ளே குடைந்து, அதன் வழியாக நீரை ஆள் உயரத்திலிருந்து விழ வைப்பார்கள். அதுதான் பீலி. மூங்கில் போய்த் தகரம் வந்தது, தகரம் போய் இரும்புக் குழாய் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. நீர் விழும் இடம் பீலிக்கரை. குளிப்பும் துவைப்பும் அங்கேதான். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் என்ன சொன்னார்கள், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் கணக்குப்பிள்ளை யாரை ஏசினார், இந்தியாவிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தது, எல்லாம் முதலில் தெரியவருவதும் அங்கேதான். ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (திண்ணை), அதற்குள் எட்டுப் பேர். அந்த வீட்டுப் பெண்களுக்கு மூச்சுவிடக் கிடைத்த ஒரே வெளி பீலிக்கரை என்பார் அம்மா.

அவர் பிறந்த தோட்டம் நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குப் போகும் பாதையில், ஹக்கல மலையின் அடியில் இருக்கிறது. 1975இல் அப்பாவைக் கல்யாணம் செய்து கொழும்புக்கு வந்தார். அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தார். தன் பெற்றோரான அம்மாயியும் ஐயாவும் உயிரோடு இருந்தவரை அம்மா வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்குப் போய்வந்தார். அவர்கள் போன பிறகு அந்த வழி அடைந்துபோயிற்று.

அதைத் திறந்துவிட்டது ஒரு செய்தி. 2024 மே மாதம் சீதா எலிய சீதையம்மன் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்காக அயோத்தியிலிருந்து சரயு நதியின் நீர் கொண்டுவரப்பட்டதைத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டார்.

"அண்ணன் இங்கிருந்து தண்ணீர் கொண்டுபோனார். இப்போது அங்கிருந்து தண்ணீர் வருகிறது."

பெரிய மாமாவின் போத்தலைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அன்றுதான் அம்மா அதை முழுதாகச் சொன்னார்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இந்தத் தீவிலேயே பிறந்து, இந்த மலையிலேயே பெற்றோரைப் புதைத்தவர்கள் அவர்களில் பலர். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மீதமுள்ள 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று இரண்டு தலைநகரங்கள் எண்களைப் பங்கிட்டுக்கொண்டன. அந்தப் பங்கீட்டில் ஒரே வீட்டுக்குள் கோடு விழுந்தது. பெரிய மாமாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அம்மாயி, ஐயா, அம்மா மூவரும் இந்தப் பக்கம்.

1974இல் அவர் புறப்பட்டார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் பாடுவதுபோலப் பாடி அழுவார்கள். கோச்சி நகரும்போது கைகளைப் பிரித்துவிடத் தனியாக ஆட்கள் வேண்டியிருந்ததாம். புறப்படும் நாள் விடியற்காலையில் மாமா பீலிக்கரைக்குப் போய், ஒரு சோடாப் போத்தலை நிரப்பி, வாயைத் தக்கையால் அடைத்து, மேலே மெழுகுதிரியை உருக்கி ஊற்றிக் கொண்டுவந்தார். வேறு என்னென்ன கொண்டுபோனார் என்பது அம்மாவுக்கு நினைவில்லை. மெழுகு அவர் பெருவிரலில் சுட்டுக் கொப்புளமானது நினைவிருக்கிறது.

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு வளர்த்த தேயிலைத் தோட்டத்தில் மாமாவுக்கு வேலை கிடைத்தது. பல வருடங்கள் கழித்து ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினார். வாசலுக்கு நிலை வைத்த அன்று போத்தலைத் திறந்து, அந்தத் தண்ணீரைத் தெளித்ததாகக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் அம்மாவிடம் இன்னும் இருக்கிறது.

"முழங்கால் நடக்கும்போதே ஒருமுறை போய்வர வேண்டும், மகள்" என்றார் அம்மா. பாடசாலை விடுமுறை வந்ததும் ஆகஸ்ட்டில் புறப்பட்டோம்.

கோட்டை ரயில் நிலையத்தில் காலை 5.55க்குப் பொடி மெனிக்கே ரயில். பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அந்த ரயில்பாதையின் அழகைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஹட்டனைத் தாண்டியதும் அம்மா ஜன்னலைத் திறக்கச் சொல்லி, முகத்தை வெளியே நீட்டி மூச்சிழுத்தார் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவில் இரவு தங்கி, மறுநாள் காலை வெலிமடை பஸ்ஸில் ஏறினோம்.

சீதையம்மன் கோயில் நகரத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீற்றர். பாதையோரமாகப் படி இறங்கினால் வண்ணக் கோபுரம், அதன் காலடியில் ஓடை. அசோகவனம் இதுதான், சீதை நீராடியது இந்த ஓடையில்தான் என்பது தலைமுறைகளாக இங்கே வழங்கும் நம்பிக்கை. ஓடைப் பாறையில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள் இருக்கின்றன. பெரியவை அனுமனின் பாதம் பதிந்தவை என்கிறார்கள். ஓடும் நீர் கல்லைச் சுழற்றிச் சுழற்றிக் குடையும்போது இப்படிக் குழி விழும் என்று நிலவியல் படித்தவர்கள் சொல்வார்கள். நான் குனிந்து ஒன்றுக்குள் கையை விட்டேன். விளிம்பு வழுவழுப்பு, அடியில் நாலைந்து உருண்டைக் கற்கள், ஒரு செவ்வந்தி இதழ், விரல் மரத்துப்போகும் குளிர். கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே இருந்தேன்.

அசோகவனத்துச் சீதையைக் கம்பர் சொல்லும் இடம் ஒன்று எனக்குப் பள்ளிநாளிலிருந்து மனதில் தங்கியது. கல்லிடுக்கில் முளைத்து, ஒருநாளும் ஒரு துளி நீரையும் காணாமல் உலர்ந்துபோன நல்ல மருந்துச் செடியைப் போல அவள் வாடியிருந்தாள் என்கிறார். அந்த உவமையோடுதான் இந்த ஓடைக்கரைக்கு வந்தேன். இங்கே கல் இருக்கிறது. ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் நீர்தான். பாறை வெடிப்பில் கசிகிறது, வேரடியில் சொட்டுகிறது, பாதையோர மதிலில் வழிகிறது. இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்து ஒருத்தி நீர் காணாத செடிபோல உலர்ந்தாள் என்றால், அவளுக்கு வேண்டியது வேறு ஊரின் தண்ணீர். சரயுவைக் கொண்டுவந்தவர்கள் அவள் மனதை அறிந்தவர்கள் என்று எனக்குப் பட்டது. கோயிலில் நின்று அதை அம்மாவிடம் சொன்னேன். அவர் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உன் மாமாவும் அப்படித்தான் இருந்திருப்பார்" என்றார்.

அங்கிருந்து ஹக்கலத் தாவரவியல் பூங்காவுக்குச் சில கிலோமீற்றர்தான். 'தோட்டம்' என்ற சொல்லை அதற்கு நான் பயன்படுத்தவில்லை. மலையகத் தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், தேயிலைத் தோட்டம். ஹக்கல என்றால் சிங்களத்தில் தாடைப் பாறை. சஞ்சீவி மலையைத் தூக்கிவந்த அனுமனின் தாடையிலிருந்து விழுந்த துண்டு என்பது அந்தப் பெயரை விளக்கும் கதை. மருந்து மலையின் துண்டு என்று கதை சொல்லும் இந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் முதலில் நட்டதும் ஒரு மருந்து மரம். 1861இல் சிங்கோனாவைச் சோதித்துப் பார்க்கத்தான் இந்தப் பூங்காவைத் தொடங்கினார்கள். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளிலிருந்து விதையாகவும் கன்றாகவும் வெளியே கொண்டுவரப்பட்ட மரம் அது. அதன் பட்டையில்தான் மலேரியாவுக்கு மருந்தான குயினைன் இருக்கிறது. அந்த நாளில் பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த துவெயிட்ஸ், ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் அந்தீஸின் குளிரும் ஈரமும் இங்கே கிடைக்கும் என்று கணித்தார். கணிப்புத் தவறவில்லை. 1869இல் கோப்பிச் செடியின் இலைகளில் துரு நோய் கண்டது. சில வருடங்களில் தீவின் கோப்பி அழிந்தது. கையைப் பிசைந்து நின்ற தோட்டத் துரைமார் பலர் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். 1880களில் எல்லோரும் ஒரேயடியாகப் பட்டையை உரித்து அனுப்ப, விலை விழுந்தது. பிறகுதான் மலை முழுவதும் தேயிலை.

கோப்பி, சிங்கோனா, தேயிலை என்று பயிர் மூன்று முறை மாறியது. கை மாறவில்லை. தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்து மலையேறிய நம் முன்னோரின் கைதான் மூன்றையும் நட்டது. அந்த நடையை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மீண்டும் நடந்தார்கள். பூங்காவின் பலகைகளில் மரங்களுக்குப் பெயர் உண்டு, பூர்வீகமும் உண்டு. நட்டவர்களுக்கும் ஒரு பலகை வைத்தால் என்ன என்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை. அது இருந்தால் பூங்காவின் வரலாறு முழுமைபெறும்.

அம்மா இந்த மலைக்குக் கீழேதான் இருபத்துமூன்று வயதுவரை வளர்ந்தார். ஆனால் பூங்காவுக்குள் கால் வைத்தது இதுதான் முதல்முறை. டிக்கெட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வேலிக்கு வெளியே நின்று ரோஜாவைப் பார்த்திருக்கிறோம். உள்ளே வரலாம் என்று யாரும் சொல்லவில்லை, வரக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை" என்றார். ஆகஸ்ட்டில் ரோஜா நன்றாகப் பூத்திருந்தது. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது மரப்பன்னச் சோலை. பனைபோல நிமிர்ந்த கறுப்புத் தண்டு, உச்சியில் குடையாக விரிந்த ஓலை, குடையின் நடுவில் இன்னும் விரியாத குருத்து. பழுப்பு மயிர் மூடி, பிறந்த குழந்தையின் பொத்திய கைபோல இறுகச் சுருண்டிருந்தது. ஒவ்வொரு சுருளின் மடிப்புக்குள்ளும் ஒரு நீர்த்துளி இருந்தது. அன்று மழை பெய்யவில்லை.

அந்தத் துளி எங்கிருந்து வந்தது என்பதில்தான் பீலி நிற்காததன் காரணமும் இருக்கிறது. பூங்காவுக்கு மேலே 1938இல் ஒதுக்கப்பட்ட இயற்கை வனம், ஆயிரம் ஹெக்டேயருக்குச் சற்று அதிகம். மேகக்காடு என்பது அதற்குப் பொருத்தமான பெயர். மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகி மரங்களுக்குள் புகுந்துவிடும். இலை, கிளை, பாசி எல்லாம் அதைத் தடுத்துத் துளியாக்கி மண்ணில் விடும். பூங்காவின் மேல் எல்லையில் ஒரு மரத்தின் பாசியை விரலால் அழுத்திப் பார்த்தேன். மணிக்கட்டுவரை நீர் வழிந்தது. காட்டின் அடியில் அழுகிய இலைகளின் மண் கடற்பஞ்சுபோல அதை உறிஞ்சிக்கொள்கிறது; பாறை வெடிப்புகளுக்குள் மெல்ல இறக்குகிறது; அது சரிவின் அடிவாரத்தில் ஊற்றாகத் தலைநீட்டுகிறது. இந்த மலை நிற்கும் இடமும் அப்படி. மேற்கே தென்மேற்குப் பருவப்பெயர்ச்சியின் மழை, கிழக்கே ஊவாப் பக்கம் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியின் மழை. இரண்டுக்கும் எல்லையில் நிற்பதால் இரண்டிலும் நனைகிறது. வருடத்தில் வறண்ட வாரங்கள் வந்தாலும், முன்பு குடித்ததை மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். காட்டை வெட்டினால் இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். மழை பெய்யும் நாளில் வெள்ளமும் மண்சரிவும், பெய்யாத நாளில் வெறுங்குழாயும் மிஞ்சும். மலைநாட்டின் பல சரிவுகள் இதை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கின்றன.

இப்படி இறங்கும் தண்ணீர் இயல்பான வழியில் ஓடினால் கடைசியில் மகாவலி ஆற்றில் சேர்கிறது. திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. சீதையின் ஓடை தமிழ் பேசும் கரை ஒன்றில் போய் முடிகிறது என்பது எனக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

மதியத்துக்குப் பிறகு ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம். கடைசி அரை மைல் ஏற்றத்தில் நடை. நாலடிக்கு ஒருமுறை அம்மா நின்றார். நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு பெயர் சொன்னார். இது கொழுந்தைத் தராசில் நிறுத்த இடம். இது வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா இருந்த இடம். அது மாரியம்மன் கோயில் மேடு, மாசியில் காமன் கூத்தாடும் பொட்டலும் அதுதான். லயங்களின் கூரையில் தகரம் மாறியிருந்தது. சில வீடுகளுக்குச் சிமெந்துப் படி வந்திருந்தது. பள்ளத்தில் தேயிலை இருந்த இடம் சில துண்டுகள் மரக்கறித் தோட்டமாகியிருந்தன, லீக்ஸும் கரட்டும் வரிசை வரிசையாக.

பீலிக்கரை தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டது. அம்மா என் கையை விட்டுவிட்டார்.

இரும்புக் குழாய்க்குப் பதிலாக இப்போது கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். சிமெந்துத் தளத்தில் வெடிப்பு. விழும் நீரின் தடிமன் என் மணிக்கட்டளவு இருக்கும். விழுந்த இடத்தில் சிதறாமல் ஒரே கயிறாக இறங்கியது. துணி அலசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"யார் வீட்டுக்கு வந்தீர்கள், அம்மா?"

"யார் வீட்டுக்கும் இல்லை. பத்தாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா. அம்பது வருசத்துக்கு முன்னால்."

அந்தப் பெண் வாளியை ஓரமாக இழுத்து வழிவிட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. குடிக்கலாமா என்று நான்தான் கேட்டேன். "கீழே ஓடையில் குடிக்காதீர்கள், மருந்தடிக்கிறார்கள். இது காட்டிலிருந்து நேராக வருகிறது. என் பிள்ளைகள் இதைத்தான் குடிக்கிறார்கள்" என்றார்.

அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தளத்தில் ஏறினார். வலது உள்ளங்கையைக் குழித்து, விழும் நீருக்கு நேராகப் பிடிக்காமல் சற்றுச் சரித்துப் பிடித்தார். நேராகப் பிடித்தால் தெறித்துவிடும் என்பது அந்தக் கைக்கு மறக்கவில்லை. நீர் உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழிந்தது. மூன்று முறை குடித்தார். பிறகு முகம், பிறகு பின்கழுத்து, கடைசியாகப் பாதம். பாதத்தைக் கழுவும்போது ஒரு காலை மற்றக் காலால் தேய்த்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயதுக்காரி அதைச் செய்வதை அன்றுதான் பார்க்கிறேன்.

நானும் குடித்தேன். ருசியென்று சொல்ல ஒன்றுமில்லை. பல் கூசும் குளிர், அதன் பின்னால் மெல்லிய மண்வாசம், அவ்வளவுதான்.

"மாமாவைக் கூப்பிடு" என்றார் அம்மா.

கூடலூரில் மச்சான் தொலைபேசியை எடுத்தார். படம் விட்டுவிட்டு வந்தது. மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, கம்பளி மப்ளர், கண்ணாடியின் ஒரு பக்கம் நூலால் கட்டியிருந்தது. அம்மா எதுவும் பேசவில்லை. கைத்தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, விழும் தண்ணீருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். மாமா கண்ணை மூடியிருந்தார். பிறகு அவர் குரல் வந்தது.

"தங்கச்சி, அம்மா துவைக்கிற கல் இருக்கிறதா?"

அம்மா சுற்றிப் பார்த்தார். அந்தப் பெண் தன் துணி மூட்டையைத் தூக்கினார். அடியில் கறுப்புக் கல், நடுவில் தொட்டில்போலத் தேய்ந்திருந்தது. ஈரத்தில் மின்னியது.

"இருக்கிறது, அண்ணே" என்று சொல்லி, அம்மா தொலைபேசியைக் கல்லின் பக்கம் திருப்பினார்.